பார்த்து வரைதல்: சித்திர வகுப்பைப் புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

தரம் 6 பிள்ளையிடம் மேசையில் இருக்கும் மண்சட்டியைக் கீறச் சொல்லிப் பாருங்கள். வாய் முழு வட்டமாக வரும், அடி நேர்கோடாக வரும். இரண்டையும் ஒரே இடத்திலிருந்து பார்க்க வழியே இல்லை. வாய் வட்டமாகத் தெரிய வேண்டுமென்றால் சட்டிக்கு நேர் மேலே தலையை நீட்ட வேண்டும். அடி நேர்கோடாகத் தெரிய வேண்டுமென்றால் கண் மேசையின் விளிம்புக்கு இறங்க வேண்டும். பிள்ளைக்குச் சட்டியின் வாய் வட்டம் என்பது தெரியும். சட்டி ஆடாமல் நிற்பதால் அடி தட்டை என்பதும் தெரியும். தெரிந்ததை எல்லாம் சேர்த்து ஒரு சட்டி செய்துவிட்டது. எதிரே இருந்த சட்டியைப் பார்த்தது இரண்டு செக்கன் இருக்கலாம்.

பார்த்து வரைதல் என்பது, இப்படித் தெரிந்துவைத்திருப்பது குறுக்கே வராமல், இந்தக் கதிரையில் இருந்து, இந்த வெளிச்சத்தில், இந்தப் பொருள் எப்படித் தெரிகிறதோ அப்படிக் கடதாசியில் இறக்கும் பயிற்சி. சாதாரண தரச் சித்திரப் பரீட்சையில் பொருட்கூட்டத்தைப் பார்த்து வரைந்து வர்ணம் தீட்டுவது ஒரு பகுதி என்பதால் தரம் 10இல் எல்லோரும் அவசரமாக இதைத் தொடங்குகிறார்கள். அப்போது தொடங்கினால் பிந்திவிட்டது. கைக்குப் பழகிய சூத்திரங்களை அழிப்பதிலேயே ஒரு வருடம் போய்விடும். தரம் 6 முதல் சிறுகச் சிறுகச் செய்ய வேண்டிய வேலை இது.

திறமை பற்றிய பேச்சைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். ஒரு வகுப்பில் பாதிப்பேருக்குச் சட்டி பிழைக்கிறதென்றால், அனேகமாகப் பிழை கதிரை வைத்த விதத்தில் இருக்கும், அல்லது யன்னலில் இருக்கும்.

மேசையும் யன்னலும்

நாற்பது பேர் உள்ள வகுப்பில் முன்னால் ஒரு மேசை போட்டு, அதில் ஒரு செம்பும் இரண்டு பழமும் வைத்தால், பின் வரிசைக்கு அது 6 மீற்றர் தூரத்தில் ஒரு புள்ளி. தெரியாததை யாராலும் பார்த்து வரைய முடியாது. பின்வரிசைப் பிள்ளை முன்வரிசைப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்துத்தான் கீறும்.

ஐந்து சிறிய கூட்டங்களாகப் பிரியுங்கள். ஒரு கூட்டத்துக்கு எட்டுப் பேர், கதிரைகள் குதிரை லாட வடிவில். பொருட்கள் பரந்திருக்கும் அகலம் 50 முதல் 60 சென்ரிமீற்றர் என்றால், கதிரை ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். அதைவிடக் கிட்ட இருந்தால் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க நேரும். ஒவ்வொரு திருப்பலுக்கும் கோணம் மாறும். இருந்திருக்கும் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஒரு மீற்றருக்குச் சற்று மேலே இருக்கும். ஆகவே பொருள் வைக்கும் மேசை 60 சென்ரிமீற்றர் உயரம் போதும். வழக்கமான ஆசிரியர் மேசை இதைவிட உயரம். அதில் வைத்தால் சட்டியின் வாய் ஏறக்குறையக் கண் மட்டத்துக்கு வந்து, நீள்வட்டம் ஒரு கோடாக ஒடுங்கிவிடும். சிறு வகுப்பு வாங்கு ஒன்றைக் கவிழ்த்து வைத்தாலும் சரிதான்.

அடுத்தது வெளிச்சம். நமது வகுப்பறைகள் பலவற்றில் இரண்டு பக்கமும் யன்னல், மேலே ரியூப் லைற். மூன்று திசையிலிருந்தும் ஒளி வந்தால் பொருளில் நிழலே விழாது, விழுந்தாலும் மூன்று மங்கலான நிழல்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். ஒரு பக்க யன்னல்களைச் சாத்துங்கள். சாத்த முடியாத கம்பி யன்னலென்றால் கறுப்புக் கடதாசியோ பழைய திரைச்சீலையோ கட்டுங்கள். ரியூப் லைற்றை அணையுங்கள். ஒரே திசையில் இருந்து வரும் வெளிச்சத்தில் உருண்டையான பொருள் உருண்டையாகத் தெரியத் தொடங்கும்.

வடக்கு யன்னலில் வரும் ஒளி நாள் முழுதும் மாறாது என்று ஐரோப்பியக் கைநூல்கள் சொல்வதைக் கொழும்பில் நம்பவேண்டாம். நாம் வடக்கு அகலாங்கு ஏறக்குறைய 7 பாகையில் இருக்கிறோம். ஏப்ரல் முற்பகுதியிலிருந்து செப்டெம்பர் முற்பகுதிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். இரண்டாந் தவணை முழுவதும் வடக்கு யன்னலிலும் வெயில் விழலாம். எந்தப் பக்கமென்றாலும், பொருளின்மேல் நேர் வெயில் படாமல் பார்ப்பதுதான் வழி. படத்தான் செய்யும் என்றால், தொடக்கத்திலேயே மேசையில் நிழலின் விளிம்பை வெண்கட்டியால் குறித்துவிடுங்கள். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. 80 நிமிட இரட்டைப் பாடவேளையில் 20 பாகை. குறிக்காவிட்டால் முதற் பாதியில் கீறிய நிழல் ஒரு பக்கமும் பிற்பாதியில் கீறியது வேறு பக்கமும் விழும்.

பொருள் தெரிவில் ஆசை கூடாது. பித்தளைக் குத்துவிளக்கு அழகானது, கலைவிழாப் படத்துக்கும் நல்லது, ஆனால் தொடக்க வகுப்புக்குப் பொல்லாதது. பளபளப்பான மேற்பரப்பில் யன்னலும் பிள்ளைகளின் சட்டையும் சேர்ந்து தெரியும். எது விளக்கின் வடிவம், எது பிரதிபலிப்பு என்று பிரிக்கவே ஒரு பாடவேளை போய்விடும். பளபளப்பில்லாத மண்சட்டி, உரிக்காத தேங்காய், ஒரு கடதாசிப் பெட்டி, இவற்றோடு தொடங்குங்கள். வர்ணம் வரும்போது ஒரு செவ்விளநீரை நீலத் துணியில் வையுங்கள். செம்மஞ்சளும் நீலமும் எதிர் வர்ணங்கள்; ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். மூன்று பொருள் போதும், அதில் ஒன்றாவது இன்னொன்றைக் கொஞ்சம் மறைத்து நிற்க வேண்டும். தனித்தனியாக வரிசையில் நிறுத்தினால் கடைத் தட்டுப் போலத்தான் இருக்கும். முன் எது, பின் எது என்று கேட்க ஒன்றும் இராது.

கோட்டுக்கு முன் கண்

முதல் 3 நிமிடம் கடதாசியைப் பார்க்காமல் வரையும் பயிற்சி. கண் பொருளின் விளிம்பில் எறும்பு வேகத்தில் நகர, பென்சிலும் அதே வேகத்தில் நகர வேண்டும். கடதாசியைப் பார்க்கக் கூடாது, அழிறப்பர் மேசையிலேயே இருக்கக் கூடாது. வருவது கோணல் மாணலாக இருக்கும், வகுப்பு சிரிக்கும், சிரிக்கட்டும். பொருளை மூன்று நிமிடம் விடாமல் பார்த்தது நடந்துவிட்டது. கைக்குப் பயிற்சி என்று இதை நினைத்து, வந்த கோட்டைக் குறை சொன்னால் பிள்ளை அடுத்த முறை களவாகக் கடதாசியைப் பார்க்கும்.

பிறகு அளத்தல். கையை முழுதாக நீட்டி, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடி, பென்சிலின் நுனியைச் சட்டி வாயின் இடது ஓரத்தில் பொருத்தி, வலது ஓரத்தில் கட்டைவிரலை வைக்கவேண்டும். அந்த நீளத்தை அப்படியே நிமிர்த்தி, சட்டியின் உயரத்துக்குள் எத்தனை முறை போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தேவையானது விகிதம் மட்டுமே; கடதாசியில் எத்தனை சென்ரிமீற்றர் என்பது பிள்ளையின் விருப்பம். இங்கே இரண்டு பிழை ஓயாமல் நடக்கும். முழங்கை மடங்கிவிடும்: பென்சில் கண்ணுக்கு 10 சென்ரிமீற்றர் கிட்ட வந்தாலே அளவு மாறிவிடும். மற்றது, பென்சிலில் எடுத்த நீளத்தை அப்படியே கடதாசியில் ஒற்றிவிடுவார்கள். படம் தீப்பெட்டி அளவில் ஒரு மூலையில் வரும். ஒரு கூட்டத்தில் எல்லோருடைய படமும் சின்னதாக இருந்தால் இதுதான் காரணம்.

சட்டியின் நீள்வட்டம் தனிப் பாடம். கண் மட்டத்துக்குக் கீழே போகப்போக வட்டம் அகலமாகத் திறக்கும். ஆகவே அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இதை விளக்குவதைவிடக் காட்டுவது சுலபம். ஒளி ஊடுபோகும் பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, கண்ணுக்கு நேரே பிடித்து மெதுவாகக் கீழே இறக்குங்கள். தண்ணீரின் மேல்விளிம்பு கோட்டிலிருந்து நீள்வட்டமாகத் திறப்பதை எல்லோரும் காண்பார்கள். நீள்வட்டத்தின் இரு முனையும் கூராக, மீனின் வாய் மாதிரி வருவது, மேலே ஒரு வளைவு கீழே ஒரு வளைவு என்று இரண்டாகக் கீறி ஒட்டுவதால். மணிக்கட்டை அசைக்காமல், தோளிலிருந்து கையைச் சுழற்றி, இரண்டு தடவை காற்றில் சுற்றி, மூன்றாவது சுற்றில் பென்சிலை மெதுவாகத் தொடவிட்டால் முனை உருளும். அடியின் மறைந்த பின்விளிம்பையும் சட்டி கண்ணாடியால் ஆனது என்று எண்ணி முழுதாகக் கீறச் சொல்லுங்கள், பிறகு அழிக்கலாம்.

பொருட்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைக் கீறவைப்பது இன்னொரு நல்ல வழி. கோப்பையின் பிடிக்கும் உடலுக்கும் நடுவே உள்ள ஓட்டை என்ன வடிவம்? அதற்குப் பெயர் கிடையாது, ஆகவே பிள்ளையிடம் அதற்கென்று மனப்பாடமான படமும் கிடையாது. பார்த்தே ஆகவேண்டும். பிடியை இருபது தடவை அழித்துக் கீறிய பிள்ளைக்கு, ஓட்டையைக் கீறியதும் பிடி தானாக வந்துவிடும்.

ஒளி நிழலுக்கு ஒரு கடதாசிக் கீற்றில் ஐந்து பெட்டி போதும்: வெறும் வெள்ளையில் தொடங்கி 4B பென்சிலின் முழுக் கறுப்புவரை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் சிறு விபரங்கள் மறைந்து பெரிய இருள்களும் வெளிச்சங்களும் மட்டும் நிற்கும். அவற்றை ஐந்தில் ஒன்றோடு ஒப்பிட்டுப் போடலாம். விரலால் தேய்த்து மழுப்பும் பழக்கம் ரியூசன் வகுப்பிலிருந்து வரும். தேய்த்த படத்தில் எல்லாம் நடுச் சாம்பலாகிவிடும். தரம் 8 முடியும்வரை விரலைத் தொடவிடாதீர்கள்.

போஸ்டர் கலரில் நடக்கும் விபத்துகள்

போட்டோப் பிரதி எடுக்கும், சதுர மீற்றருக்கு 80 கிராம் நிறையுள்ள கடதாசியில் ஈரம் பட்டதும் நெளியும். 120 கிராமுக்குக் குறையாத சித்திரக் கடதாசி வேண்டும், இல்லையென்றால் அந்தப் பாடத்தைப் பஸ்டலில் செய்துவிடுங்கள். வர்ணத்தைக் கட்டித் தேங்காய்ப்பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும். அதைவிட நீர்த்தால் நீர்வர்ணம் போலக் கறை கறையாக நிற்கும். அதைவிடக் கட்டியாக இருந்தால் காய்ந்ததும் வெடித்து உதிரும்.

போஸ்டர் கலர் காய்ந்ததும் மாறும்: வெளிர் வர்ணங்கள் கொஞ்சம் கருமையாகும், கருமையானவை கொஞ்சம் வெளிறும். இது தெரியாத பிள்ளை, ஈரமாக இருக்கும்போது சரியாகப் பொருந்திய வர்ணம் காய்ந்தபின் ஏன் பொருந்தவில்லை என்று குழம்பி, மேலே மேலே பூசும். ஒரு கீற்றில் தொட்டுக் காயவிட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. மழைக்காலத்தில் அதுவும் இழுபடும். கீழ்ப்பூச்சு ஈரமாக இருக்கையில் மேலே பூசினால் இரண்டும் கலந்து சேறாகும் என்பதால், அந்த நாட்களில் ஒரு பாடவேளையில் ஒரு பூச்சோடு நிறுத்துவது புத்தி.

சேற்று வர்ணத்துக்கு இன்னொரு காரணம் தண்ணீர். ஒவ்வொரு சோடிக்கும் இரண்டு கோப்பை கொடுங்கள்: ஒன்று தூரிகை கழுவ, மற்றது வர்ணத்தில் விட. கறுப்புப் போத்தலை முதல் தவணை முழுதும் அலுமாரியில் பூட்டிவைக்கலாம். நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் செவ்விளநீர் கரிபிடித்ததாகத் தெரியும். செம்மஞ்சளில் கொஞ்சம் நீலமும் கபிலமும் சேர்த்தால் நிழலுக்குள்ளும் செவ்விளநீராகவே இருக்கும்.

80 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். பொருள் வைக்க 5, பார்க்காமல் வரைய 3, ஆசிரியர் செய்துகாட்ட 10, விரல் நீளச் சிறு சட்டங்களில் மூன்று அமைப்பைப் பரீட்சித்துப் பார்க்க 6, வரைய 35, சுவரில் ஒட்டி எல்லோரும் பார்க்க 8, துப்புரவாக்க 10. மிச்ச மூன்று நிமிடம் எங்கே போகிறதென்று கேட்காதீர்கள், போய்விடும். துப்புரவுக்கு நேரம் ஒதுக்காத ஆசிரியர் அடுத்த பாட ஆசிரியரோடு தகராறுப்படுவார்.

ஆசிரியரின் கையும் சொல்லும்

செய்துகாட்டியதை உடனே அகற்றிவிடுங்கள். கரும்பலகையில் நின்றால் நாற்பது பேரும் அதைத்தான் பார்த்துக் கீறுவார்கள், மேசையிலுள்ள சட்டி அநாதையாகக் கிடக்கும். பிள்ளையின் படத்தில் ஆசிரியர் கோடு போடவே கூடாது. காட்ட வேண்டியிருந்தால் வேறு துண்டுக் கடதாசியில் காட்டிவிட்டு அதைக் கையோடு எடுத்துச் செல்லலாம். "நல்லா இருக்கு மகள்" என்பதால் பிள்ளைக்குச் சந்தோசம் வரும், அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. கேள்வியாகக் கேளுங்கள். வாயின் அகலம் உயரத்துக்குள் எத்தனை முறை போகுது? தேங்காயின் எந்த இடம் சட்டிக்குப் பின்னால் மறையுது? மேசையின் பின்விளிம்பு சட்டியின் எந்த மட்டத்தில் வெட்டுது? மூன்று கேள்விக்கும் விடை மேசையில் இருக்கிறது. பிள்ளை திரும்பிப் பார்த்தே தீரும்.

பாடத்துக்குத் தலைமை தாங்குவது

ஒரு பாடசாலையில் இரண்டு மூன்று சித்திர ஆசிரியர்கள் இருந்தால், ஆளுக்கொரு பாணியில் கற்பிப்பது வழமை. பாணி வேறுபடலாம், வரிசை வேறுபடக் கூடாது. தரம் 6இல் கோடும் வெற்றிடமும், 7இல் அளத்தலும் நீள்வட்டமும், 8இல் ஒளி நிழல், 9இல் வர்ணம் என்று ஒருமுறை எழுதி ஒட்டிவிட்டால், தரம் 10 ஆசிரியர் நீள்வட்டத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதில்லை. தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியில் உள்ள தேர்ச்சிகளை இந்த வரிசைக்குள் பொருத்திக்கொள்ளலாம். பாடத்திட்டத்தை மீற வேண்டிய அவசியமில்லை.

நேரசூசிதான் பெரிய போராட்டம். தனி 40 நிமிடத்தில் வர்ணப் பாடம் நடக்காது: எடுத்துவைக்கவும் கழுவவும் 15 நிமிடம் போனால் மிஞ்சுவது 25. இரட்டைப் பாடவேளை வேண்டுமென்று பிரதி அதிபரிடம் நேரசூசி போடுவதற்கு முன்பே எழுத்தில் கொடுங்கள், போட்டபின் கேட்டால் யாராலும் மாற்றித்தர முடியாது. பரிசளிப்பு விழா, விளையாட்டுப் போட்டி, வாணி விழா எது வந்தாலும் மேடைச் சோடனை சித்திர ஆசிரியரின் தலையில்தான் விழும். அதைத் தடுப்பது கடினம், நியாயமாகச் செய்யவும் வேண்டும். ஆனால் அந்த வேலைக்குத் தரம் 11 பிள்ளைகளைப் பாடவேளையில் இறக்குவதற்குப் பாடத்துக்குத் தலைமை தாங்கும் ஆசிரியர் இடங்கொடுக்கக் கூடாது. சோடனைக்கு றெஜிபோம் நுரைப்பலகை வெட்டுவது பார்த்து வரைதலில் சேர்த்தி இல்லை.

கொழும்பில் இருப்பதால் ஒரு வசதி: பார்க்கக் கிடைப்பவை பஸ் தூரத்தில் உள்ளன. 1877இல் திறந்த தேசிய நூதனசாலையில் பொலன்னறுவையில் கிடைத்த சைவ வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. தலையின் உயரத்தை அலகாக வைத்து நடராசரின் உடல் எத்தனை தலை என்று பென்சிலால் அளக்கச் சொன்னால், வகுப்பில் சட்டியில் படித்தது அங்கே வேலை செய்வது பிள்ளைக்குத் தெரியும். பொரளை கோதமி விகாரையில் ஓவியர் ஜோர்ஜ் கீற் தீட்டிய சுவரோவியங்களில், உடலின் திரட்சியை நிழலை நம்பாமல் கோடே சுமக்கிறது; நிழல் போட்டால்தான் உருவம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் தரம் 9 பிள்ளைக்கு அது நல்ல அதிர்ச்சி. பார்ன்ஸ் பிளேசில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு சபுமல் நிறுவகமாக இருக்கிறது, 1943இல் கொழும்பில் உருவான, நவீன ஓவியர்களின் 43 குழுவின் படைப்புகள் பல அங்கே உண்டு. அந்தக் குழுவில் இருந்த ஜெஃப்ரி பீலிங் பாடசாலைச் சித்திரக் கல்விக்குப் பரிசோதகராக இருந்தவர். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் சி. எஃப். வின்சர். நமது பாடத்துக்கும் நவீன ஓவியத்துக்கும் இடையில் ஒரே ஆட்கள் நடமாடிய காலம் அது. கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பாடசாலையென்றால் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கல் தூண்களே போதும். எங்கே போனாலும் ஒரு படைப்பு, இருபது நிமிடம், ஒரு தாள். பத்துப் படைப்பைச் சுற்றிக் காட்டினால் போனை எடுத்துப் படம் பிடித்துவிட்டு வந்துவிடுவார்கள். அதிபரின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் முதலிலேயே கையில் இருக்க வேண்டும்.

கடைசியாகப் புள்ளி. ஒரே படத்துக்கு ஒருவர் 75உம் இன்னொருவர் 50உம் போடுவது சித்திரத்தில் சர்வசாதாரணம். பெற்றோர் வந்து கேட்டால் பதில் சொல்ல முடியாது. தாளில் அமைப்பு 20, அளவும் வடிவமும் 30, ஒளி நிழல் 20, வர்ணம் 20, முடிப்பு 10 என்று பிரித்து, வரைவதற்கு முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். தவணைப் பரீட்சை முடிந்ததும் பத்துப் படங்களை எடுத்து, பெயரை மறைத்து, எல்லாச் சித்திர ஆசிரியரும் தனித்தனியாகப் புள்ளி போடட்டும். பத்துக்கு மேல் வித்தியாசம் வந்த படங்களை மேசையில் வைத்து எந்தப் பிரிவில் பிரிந்தீர்கள் என்று பாருங்கள். அனேகமாக அது 'முடிப்பு' என்ற பிரிவாக இருக்கும்: ஒருவர் சுத்தத்துக்குப் புள்ளி போட்டிருப்பார், மற்றவர் வேலையை நிறைவாக்கியதற்கு. எது என்று அன்றைக்கே தீர்மானித்து எழுதி வைத்துவிட்டு மிச்சத் தாள்களைத் திருத்தத் தொடங்கலாம்.